கம்பெனி மூடியாச்சு, சம்பளம் பாக்கி: ஓனரைத் தனிப்பட்ட முறையில் பொறுப்பாக்க என்ன வழி?

#1 நூல்கண்டு

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஜாப் ஒர்க் யூனிட் (வேறு கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுப்பது). தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங் எல்லாம் சேர்த்து 34 பேர். ஆறு வாரச் சம்பளம் நிற்கிறது. பாக்கி முழுவதும் 2026 ஜனவரிக்குப் பிறகானது. பிரைவேட் லிமிடெட் கம்பெனி. இயக்குநர்கள் கணவனும் மனைவியும். கட்டடம் வாடகை. மெஷின்கள் மேல் வங்கிக் கடன். 12 பேருக்கு மட்டும் செக் கொடுத்தார்கள், பணமில்லை என்று திரும்பிவிட்டது. கேட்டால், "கம்பெனி நஷ்டம், கம்பெனியிடம் கேளுங்கள், என் சொந்தச் சொத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை" என்கிறார். சட்டப்படி அது சரியா? அவர் மேலேயே பொறுப்பு வைக்க முடியுமா? விவரம் தெரிந்தவர்கள் படிப்படியாகச் சொன்னால் 34 குடும்பத்துக்கும் உதவியாக இருக்கும்.

#2 வழக்குமன்ற_வாசல்

அவர் சொல்வது பாதி சரி. அந்தப் பாதி எதுவென்று புரிந்துகொண்டால்தான் மீதியைப் பிடிக்க முடியும்.

முதலில் யூனிட்டின் சட்ட வடிவம். போர்டில் "எண்டர்பிரைசஸ்", "கார்மெண்ட்ஸ்" என்று இருப்பதை வைத்து முடிவு பண்ணாதீர்கள். ஜி.எஸ்.டி. தளத்தில் அவர்களுடைய எண்ணைப் போட்டால் சட்டப் பெயரும் வணிக வடிவமும் வரும். தனி உரிமையாளர் என்று வந்தால் பேச்சே இல்லை. அவரும் தொழிலும் ஒன்று. வீடு, வண்டி, சேமிப்பு எல்லாமே பொறுப்புக்கு உட்பட்டவை. கூட்டு நிறுவனம் என்றால் 1932-ம் ஆண்டு பார்ட்னர்ஷிப் சட்டம் பிரிவு 25-ன்படி ஒவ்வொரு பங்குதாரரும் கூட்டாகவும் தனித்தனியாகவும் முழுத் தொகைக்கும் பொறுப்பு. "நான் போன வருஷமே விலகிட்டேன்" என்று ஒருவர் சொன்னால் பொது அறிவிப்பு கொடுத்தாரா என்று கேளுங்கள். கொடுக்கவில்லை என்றால் பிரிவு 32(3) அவரை எளிதில் விடாது. (பெயரளவில்கூட வெளியே தெரியாமல் இருந்த பங்குதாரருக்கு மட்டும் விலக்கு உண்டு.)

பிரைவேட் லிமிடெட், எல்.எல்.பி. (வரம்புக்குட்பட்ட பொறுப்புள்ள கூட்டு நிறுவனம்), ஒருநபர் கம்பெனி மூன்றிலும்தான் ஓனரையும் தொழிலையும் பிரிக்கும் சட்டத் திரை இருக்கிறது. கம்பெனி கடன் கம்பெனியுடையது என்பது பொது விதி. வருமான வரிப் பாக்கி என்றால் பிரைவேட் கம்பெனி இயக்குநரிடமே வசூலிக்க 1961-ம் ஆண்டுச் சட்டம் பிரிவு 179-ல் வழி வைத்தது. ஜி.எஸ்.டி. பாக்கிக்கும் பிரிவு 89-ல் அதே ஏற்பாடு. தொழிலாளியின் கூலிக்கு அவ்வளவு நேரடியாக ஒரு பிரிவு எழுதவில்லை. எனக்கு இதில் பெரிய மனக்குறை உண்டு. ஆனாலும் வாசல்கள் இருக்கின்றன: ஊதியச் சட்டத்தில் "எம்ப்ளாயர்" யார் என்ற விளக்கம், திரும்பிய செக், பிடித்தம் செய்து கட்டாத பி.எஃப்., மோசடியாகச் சொத்து மாற்றம். ஒன்றை மட்டும் நம்பாமல் பொருந்துவதையெல்லாம் ஒரே நேரத்தில் நகர்த்த வேண்டும். காலம் போகப்போகச் சொத்து கை மாறும்.

#3 செயலர்_கோவை

இன்றே செய்ய வேண்டியது: கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் மாஸ்டர் டேட்டா (கம்பெனியின் அடிப்படைப் பதிவு விவரம்) எடுங்கள். ஸ்டேட்டஸ் "ஆக்டிவ்" ஆ, "ஸ்ட்ரைக் ஆஃப் நடைமுறையில்" (பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கம்) என்று இருக்கிறதா பாருங்கள். இயக்குநர் பட்டியலில் பெயரோடு சேர்ந்த தேதியும் இருக்கும். சார்ஜ் (கம்பெனிச் சொத்தை ஈடாக வைத்த கடன்) பட்டியலில் எந்த வங்கி, எவ்வளவு, எப்போது என்று வரும். 100 ரூபாய் கட்டினால் தாக்கலான பேலன்ஸ் ஷீட் உட்பட எல்லா ஆவணமும் பார்க்கலாம். அதில் "தொடர்புடையவர்களுடன் பரிவர்த்தனை" என்ற குறிப்பைத் தவறாமல் படியுங்கள். இயக்குநருக்கோ அவருடைய வேறு தொழிலுக்கோ கம்பெனி பணம் கடனாகப் போயிருந்தால் அங்கேதான் தெரியும்.

ஸ்ட்ரைக் ஆஃப் பற்றி ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், பாக்கி வைத்துவிட்டுக் கம்பெனிப் பெயரையே பதிவேட்டிலிருந்து நீக்கிவிட்டால் தப்பிக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தாமாக நீக்கக் கேட்கும்போது கடன் எதுவும் இல்லை என்று கணக்கு அறிக்கை தர வேண்டும். இயக்குநர்கள் எஸ்.டி.கே-3 என்ற படிவத்தில் உறுதிப் பத்திரம் எழுதித் தருகிறார்கள்: பிறகு ஏதாவது பொறுப்பு கிளம்பினால் நாங்கள் ஏற்கிறோம் என்று. இது அவர்கள் சொந்தக் கையெழுத்து. பதிவாளர் அறிவிப்பு வெளியிட்டதும் ஆட்சேபம் சொல்ல 30 நாள் உண்டு. சம்பளப் பாக்கிப் பட்டியலோடு ஒரு கடிதம் போனால் நீக்கம் நிற்க வாய்ப்பு அதிகம். நீக்கிய பிறகும் கம்பெனிச் சட்டம் பிரிவு 248(7)-ன்படி இயக்குநர்களின் பொறுப்பு தொடரும். பிரிவு 252(3)-ல் "தொழிலாளி" என்றே சொல்லி, கம்பெனியை மீண்டும் பதிவேட்டில் ஏற்றக் கேட்கும் உரிமை 20 ஆண்டுவரை கொடுத்திருக்கிறது.

#4 கோடைமழை

இவ்வளவு எதுக்கு? நேரா போலீஸ் ஸ்டேஷன்ல மோசடிப் புகார் கொடுத்தா மறுநாளே பணம் வரும்.

#5 வழக்குமன்ற_வாசல்

வராது. சம்பளம் தராதது மட்டும் மோசடி ஆகாது. வேலைக்குச் சேர்க்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும். "சிவில் விவகாரம்" என்று எழுதி முடித்துவிடுவார்கள், அந்தத் தாளையே ஓனர் பிறகு காட்டுவார்.

குற்றவியல் பக்கம் பல் இருக்கும் இடம் பி.எஃப்., இ.எஸ்.ஐ. தொழிலாளியின் கூலியிலிருந்து பிடித்த பணத்தைக் கட்டாமல் வைத்துக்கொண்டால், அது அவரிடம் நம்பி ஒப்படைத்த பணமாகவே கருதப்படும். பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 316-ன் விளக்கங்களில் இது நேரடியாக இருக்கிறது. ஒவ்வொருவரும் தங்கள் யு.ஏ.என். (பி.எஃப். கணக்கு எண்) பாஸ்புக் எடுத்து, சம்பளச் சீட்டில் பிடித்தம் காட்டியும் கணக்கில் ஏறாத மாதங்களை வட்டமிடுங்கள். புகாரை பி.எஃப். மண்டல அலுவலகத்துக்குக் கொடுங்கள். அவர்களுடைய வசூல் அதிகாரிக்கு வங்கிக் கணக்கை முடக்கவும், முதலாளியைக் கைது செய்து சிவில் சிறையில் வைக்கவும் அதிகாரம் இருக்கிறது. தனிப்பட்ட பயம் அங்கேதான் வரும்.

#6 மனு_எழுத்தர்

கூலிக்கான முதன்மை வழி 2019-ம் ஆண்டு ஊதியக் கோடு (கோட் ஆன் வேஜஸ் என்ற சட்டத் தொகுப்பு). 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கிறது. உங்கள் பாக்கி ஜனவரிக்குப் பிறகானது என்பதால் இதிலேயே போகலாம். பழைய 1936-ம் ஆண்டு ஊதியம் வழங்கல் சட்டத்தில் 24,000 ரூபாய் சம்பள வரம்பும் 12 மாதக் கெடுவும் இருந்தன. கோடில் வரம்பு இல்லை, சூப்பர்வைசர், கணக்கர், மெர்ச்சண்டைசர் எல்லாரும் கேட்கலாம். கெடு மூன்று ஆண்டு. விலகியவர், நீக்கப்பட்டவர், மூடியதால் வேலை போனவர் எல்லாருக்கும் இரண்டு வேலைநாளில் முழுக் கணக்கும் தீர்க்க வேண்டும் (பிரிவு 17). வாரச் சம்பளம் என்றால் வாரத்தின் கடைசி வேலைநாளிலேயே தர வேண்டும்.

மனு பிரிவு 45-ன் கீழ், தொழிலாளர் துறையில். தொழிலாளியே போடலாம், பதிவான சங்கமும் போடலாம். அதிகாரி பாக்கியோடு சேர்த்து அதன் பத்து மடங்குவரை நஷ்டஈடு விதிக்கலாம். மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. எதிர்த்தரப்பு வாய்தா வாங்கினால் நீளும், அதற்குத் தயாராக இருங்கள்.

பெரும்பாலான மனுக்கள் கெட்டுப்போவது எதிர்மனுதாரர் பெயர் எழுதும் இடத்தில்தான். "இன்ன பிரைவேட் லிமிடெட், அதன் மேலாண்மை இயக்குநர் மூலம்" என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். அப்படி எழுதினால் எதிர்மனுதாரர் கம்பெனி ஒன்றுதான். இயக்குநர் அதற்கு வாயாக மட்டும் நிற்கிறார். உத்தரவு கம்பெனி மேல் வரும். வசூல் சான்று கலெக்டருக்குப் போய், தாசில்தார் ஆட்கள் வந்து பார்த்தால் காலி ஷெட்டும் வங்கி ஸ்டிக்கர் ஒட்டிய மெஷினும்தான் இருக்கும்.

இப்படி எழுதுங்கள்: எதிர்மனுதாரர் 1, கம்பெனி, பதிவு அலுவலக முகவரியுடன். எதிர்மனுதாரர் 2, இன்னார், தகப்பனார் பெயர், வீட்டு முகவரி, "தனிப்பட்ட முறையிலும், ஊதியக் கோடு பிரிவு 2-ல் கண்ட எம்ப்ளாயர் என்ற முறையிலும்". அந்த விளக்கத்தில் தொழிற்சாலை என்றால் ஆக்குபையர் (தொழிற்சாலை மேல் இறுதிக் கட்டுப்பாடு உள்ளவர்). மற்ற நிறுவனம் என்றால் அதன் காரியங்களில் இறுதிக் கட்டுப்பாடு உள்ளவர், அல்லது அது ஒப்படைக்கப்பட்ட மேலாளர், மேலாண்மை இயக்குநர். உங்கள் யூனிட் மின்சாரத்தில் ஓடும், 34 பேர் உள்ள இடம்; தொழிற்சாலை. உரிமத்தில் ஆக்குபையர் என்று யார் பெயர் இருக்கிறது என்று தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்தில் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கம்பெனி என்றால் ஒரு இயக்குநரைத்தான் ஆக்குபையராகக் காட்ட முடியும் என்று உச்ச நீதிமன்றம் ஜே.கே. இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் 1996-லேயே சொல்லிவிட்டது. அதனால் யாரோ ஒரு ஃபிட்டரைக் கைகாட்ட முடியாது.

கேட்கும் பரிகாரத்திலும் அந்த வார்த்தை வேண்டும்: "எதிர்மனுதாரர்கள் 1, 2 கூட்டாகவும் தனித்தனியாகவும் செலுத்த உத்தரவிடக் கோருகிறேன்". மனுவில் கேட்காததை அதிகாரி தானாகச் சேர்க்க மாட்டார்.

ஒரு கவனம். உரிமத்தில் "மேனேஜர்" என்று பெயர் போடப்பட்டவரும் எம்ப்ளாயர் விளக்கத்துக்குள் வருகிறார். சின்ன யூனிட்டில் அவர் சம்பளம் வராமல் உங்களோடு நிற்கும் ஊழியராகவே இருப்பார். அவரைத் தெரியாமல் எதிர்மனுதாரர் ஆக்கிவிடாதீர்கள். அவர்தான் உங்கள் முக்கியச் சாட்சி.

#7 வழக்குமன்ற_வாசல்

மனு_எழுத்தர் சொன்னதில் ஒரு சட்டச் சண்டை இருக்கிறது, நூல்கண்டு தெரிந்துகொள்ள வேண்டும். எதிர்த்தரப்பு வக்கீல் சொல்வது: "விளக்கத்தில் இயக்குநரைச் சேர்த்தது நிர்வாகக் கடமைக்காக. கடன் கம்பெனியுடையது, அவருடைய சொந்த வீட்டை எடுக்க முடியாது." இதற்குப் பதில் பிரிவு 43-ல் இருக்கிறது. கோடின்படி தர வேண்டிய தொகையை "எம்ப்ளாயர்" தர வேண்டும். அவர் தராவிட்டால் கம்பெனியோ, நிறுவனத்தின் உரிமையாளரோ பொறுப்பு. வரிசையைப் பாருங்கள். முதலில் எம்ப்ளாயர், அவர் தவறினால் கம்பெனி. எம்ப்ளாயரும் கம்பெனியும் ஒரே ஆள்தான் என்றால் அந்த இரண்டாவது வாக்கியத்துக்கே வேலை இல்லை. இந்த வாதத்தை மனுவிலேயே எழுதிவைக்க வேண்டும், விசாரணையில் வாய்மொழியாகச் சொன்னால் உத்தரவில் ஏறாது.

அதோடு உண்மை விவரமும் வேண்டும். "இவர்தான் ஓனர்" என்பது போதாது. கூலி ரேட் பேசியது யார், சனிக்கிழமை பட்டுவாடா செய்தது யார், ஆள் எடுத்தது யார், ஜாப் ஒர்க் பில்லில் கையெழுத்துப் போட்டது யார், வங்கிக் கணக்கை இயக்கியது யார். ஐந்துக்கும் ஒரே பெயர் வந்தால் இறுதிக் கட்டுப்பாடு நிரூபணம்.

#8 மனு_எழுத்தர்

சரிதான், அந்த ஐந்து கேள்வியை நானும் இனி சேர்த்துக்கொள்கிறேன். கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாரும் குறைத்துக் கேட்கிறார்கள்.

ஒரு டெய்லரை எடுத்துக்கொள்வோம். 8 மணி நேர ஷிஃப்டுக்கு 480 ரூபாய். தினம் ஒன்றரை ஷிஃப்ட், அதாவது 12 மணி நேரம். ஆறு வாரம், வாரம் ஆறு நாள், 36 நாள். வழக்கமாகப் போடும் கணக்கு: 36 × 720 = 25,920. கையில் வாங்கிய முன்பணம் 4,000 கழித்தால் 21,920.

சட்டக் கணக்கு வேறு. கூடுதல் நான்கு மணி நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி (பிரிவு 14). மணிக்கு 60 ரூபாய், இரட்டித்தால் 120. நான்கு மணிக்கு 480. ஆக ஒரு நாள் 960. 36 நாளுக்கு 34,560; முன்பணம் கழித்து 30,560. ஒரு ஆளுக்கு 8,640 ரூபாய் வித்தியாசம். நஷ்டஈடு மடங்கும் இதன் மேல்தான் வரும்.

ஒவ்வொருவருக்கும் ஒரு தாள்: தேதி, வந்த நேரம், போன நேரம், ஷிஃப்ட் எண்ணிக்கை, ரேட், வாங்கியது, பாக்கி. பீஸ் ரேட் என்றால் ஆபரேஷன் பெயரும் பீஸ் எண்ணிக்கையும். ஷிஃப்ட் கார்டு தொலைந்தால் பயப்பட வேண்டாம். கூலி கொடுத்தாகிவிட்டது என்று நிரூபிக்கும் சுமை முதலாளி மேல்தான் (பிரிவு 59). ஆனால் நீங்கள் அங்கே வேலை செய்தீர்கள் என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டும். இ.எஸ்.ஐ. எண், கூகுள் பே வரவு, கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் "நாளைக்கு நைட் இருக்கு, எல்லாரும் வாங்க" என்ற செய்தி, யூனிட் வண்டியின் பிக்கப் பட்டியல் எல்லாம் உதவும். வாட்ஸ்அப்பை வெறும் ஸ்கிரீன்ஷாட்டாகக் கொடுத்தால் தள்ளிவிடுவார்கள். சாட்சியச் சட்டம் பிரிவு 63(4) சான்றிதழோடு கொடுங்கள், அந்த போனையும் மாற்றாமல் வைத்திருங்கள்.

#9 பவர்டேபிள்

எங்க பக்கம் பல யூனிட்ல ஆளுங்க பவர் டேபிள் காண்ட்ராக்டர் கணக்குலதான் இருப்பாங்க. ஓனர் "காண்ட்ராக்டர்கிட்ட முழுசும் கொடுத்துட்டேன்"னு சொல்லுவார். அதுக்கு என்ன வழி?

#10 மனு_எழுத்தர்

காண்ட்ராக்டரையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள், அவரும் எம்ப்ளாயர் விளக்கத்தில் வருகிறார். காண்ட்ராக்டர் தராவிட்டால் முதன்மை முதலாளி தந்துவிட்டு அவரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும். 1970-ம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தில் பிரிவு 21(4), இப்போது பணிப் பாதுகாப்புக் கோடில் பிரிவு 55. "நான் கொடுத்துட்டேன்" என்பது உங்களுக்கு எதிரான பதில் ஆகாது, அது அவர்கள் இருவருக்குள் உள்ள கணக்கு. ஆனால் ஜாப் ஒர்க் கொடுத்த எக்ஸ்போர்ட் கம்பெனி வேறு. தன் வளாகத்துக்கு வெளியே, இன்னொரு யூனிட்டில் தைக்கக் கொடுத்தால் அவர்கள் பொதுவாக முதன்மை முதலாளி ஆக மாட்டார்கள்.

ஆனாலும் அவர்களை விட்டுவிட வேண்டாம். இந்த யூனிட்டுக்கு அவர்கள் தர வேண்டிய ஜாப் ஒர்க் பில் நிலுவை இருக்கும். எந்த ஸ்டைல் கடைசியாகப் போனது, எத்தனை பீஸ், எந்த எக்ஸ்போர்ட்டருக்கு என்று பேக்கிங் ஆட்களுக்கு அத்துபடியாகத் தெரியும். அதை எழுதிக் கொடுத்தால் வசூல் நடவடிக்கையில் அந்தப் பணத்தை அங்கேயே நிறுத்தக் கேட்கலாம்.

#11 வழக்குமன்ற_வாசல்

இப்போது அந்த 12 செக். ஓனரைத் தனிப்பட்ட முறையில் பிடிக்க உங்களிடம் இருக்கும் கூர்மையான கருவி இதுதான், கெடு தவறினால் போச்சு.

செக் திரும்பியதாக வங்கி தரும் மெமோ கைக்கு வந்து 30 நாளுக்குள் நோட்டீஸ். கிடைத்து 15 நாளுக்குள் பணம் தராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்டிரேட் கோர்ட்டில் புகார். உதாரணம்: மெமோ மார்ச் 5. நோட்டீஸ் ஏப்ரல் 4-க்குள் போக வேண்டும். மார்ச் 20 அவர் கையில் கிடைத்தால் ஏப்ரல் 4 வரை அவருக்கு அவகாசம். புகாரை மே 4-ஐத் தாண்ட விடாதீர்கள். ஒவ்வொரு செக்குக்கும் அதன் தொழிலாளியே புகார்தாரர். உங்கள் சேமிப்புக் கணக்கு எந்தக் கிளையில் இருக்கிறதோ அந்த எல்லையிலுள்ள கோர்ட்.

கம்பெனி செக் என்றால் கம்பெனியைக் கட்டாயம் முதல் குற்றவாளியாகச் சேர்க்க வேண்டும். இயக்குநரை மட்டும் சேர்த்தால் வழக்கு விழும்; அனிதா ஹாடா வழக்கில் 2012-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. நோட்டீஸும் இருவருக்கும். கையெழுத்திட்டவரும் மேலாண்மை இயக்குநரும் பதவியாலேயே சிக்குவார்கள். கையெழுத்திடாத இயக்குநர் என்றால், அன்றாட நடத்தைக்கு எப்படிப் பொறுப்பு என்று குறிப்பாக எழுத வேண்டும். தண்டனை இரண்டு ஆண்டுவரை சிறை, அல்லது செக் தொகையின் இரு மடங்குவரை அபராதம், அல்லது இரண்டும். அந்த அபராதத்திலிருந்து நஷ்டஈடு உங்களுக்கு வரும்.

இடைக்கால நஷ்டஈடாக 20 சதவீதம்வரை கேட்கும் செலாவணி முறிச் சட்டம் பிரிவு 143ஏ பற்றி யாராவது சொன்னால், அது செக் கொடுத்த கம்பெனியிடம்தான் செல்லும். கையெழுத்திட்ட இயக்குநர் "செக் வரைந்தவர்" ஆக மாட்டார் என்று 2024-ல் தீர்ப்பு வந்துவிட்டது.

#12 நூல்கண்டு

எல்லாருக்கும் நன்றி. மாஸ்டர் டேட்டா பார்த்தோம். ஸ்டேட்டஸ் "ஆக்டிவ்". ஒரு சார்ஜ் இருக்கிறது, வங்கிப் பெயரில். இன்னும் இரண்டு செய்தி. அடுத்த தெருவில் அவருடைய தம்பி பெயரில் புது யூனிட் ஆரம்பித்திருக்கிறார்கள். எட்டு ஓவர்லாக் மெஷின் இங்கிருந்து போனதைப் பார்த்தவர்கள் உண்டு. சொந்த வீட்டை மகனுக்கு எழுதிவைத்துவிட்டதாகவும் பேச்சு.

#13 வழக்குமன்ற_வாசல்

பேச்சை ஆவணமாக்குங்கள். பதிவுத் துறை தளத்தில் சர்வே எண்ணைப் போட்டு வில்லங்கம் எடுத்தால் தான செட்டில்மெண்ட் இருக்கிறதா, என்ன தேதி, முன்பே அடமானம் இருக்கிறதா எல்லாம் வந்துவிடும். சம்பளம் நிற்க ஆரம்பித்த பிறகு பணம் வாங்காமல் மகனுக்கு எழுதினால், சொத்து மாற்றச் சட்டம் பிரிவு 53-ல் கடன்காரர்களை ஏய்க்கச் செய்த மாற்றம் என்று சிவில் வழக்குப் போடலாம். ஒருவர் எல்லாக் கடன்காரர்கள் சார்பிலும் போட வேண்டும். விலை கொடுத்து நல்லெண்ணத்தில் வாங்கிய மூன்றாம் ஆளிடம் இது செல்லாது, அதனால் மகன் விற்பதற்கு முன் போக வேண்டும். தீர்ப்புக்கு முன்பே ஜப்தி கேட்க சிவில் நடைமுறைச் சட்டம் ஆர்டர் 38 விதி 5 இருக்கிறது. விற்கப்போகிறார் என்பதற்கு ஆதாரம் வேண்டும், சந்தேகம் போதாது.

ஒன்றை மறக்காதீர்கள். கடன் அவருடைய சொந்தக் கடன் என்று நிற்க வேண்டும். கம்பெனிக் கடனுக்காக அவருடைய வீட்டு செட்டில்மெண்டை உடைக்க முடியாது. அதனால்தான் மனு_எழுத்தர் சொன்ன "எதிர்மனுதாரர் 2" இவ்வளவு முக்கியம்.

மெஷின் விஷயம் இன்னும் வலுவானது. அவை வங்கிக்கு ஈடு வைத்தவை. வங்கிக் கிளைக்கு எழுத்தில் தெரிவியுங்கள்; ஈட்டுச் சொத்தை இடம் மாற்றியதற்கு வங்கி அவரை விடாது. (விற்று வரும் பணத்தில் பதிவான ஈட்டுக் கடன்காரருக்கே முன்னுரிமை என்று சர்ஃபேசி சட்டம் (வங்கிகள் ஈட்டுச் சொத்தைக் கைப்பற்றி வசூலிக்கும் சட்டம்) பிரிவு 26இ சொல்வதால், அதில் உங்கள் பங்கை எதிர்பார்க்க வேண்டாம்.) புது யூனிட்டில் அதே மெஷின், அதே பையர், அதே ஃப்ளோர் சூப்பர்வைசர் என்றால் திரையை விலக்கும் வாதத்துக்கு அது நேரடி ஆதாரம். மெஷின் சீரியல் நம்பரைப் பழைய இன்வாய்ஸோடு ஒப்பிடுங்கள்.

தொழிலாளிக்காக உச்ச நீதிமன்றம் திரையை விலக்கியது உண்டு. குஜராத்தில் அசோசியேட்டட் ரப்பர் இண்டஸ்ட்ரி, போனஸ் குறைக்க ஒரு துணைக் கம்பெனியை உருவாக்கி, முதலீட்டு வருமானத்தை அங்கே மாற்றியது. 1985-ல் உச்ச நீதிமன்றம் இரண்டையும் ஒன்றாகவே பார்த்துப் போனஸ் கணக்கிடச் சொன்னது. அதில் கணக்கேடு பேசியது. உங்களுக்கும் கணக்கேடுதான் பேச வேண்டும்.

#14 செயலர்_கோவை

யாராவது உங்களை என்.சி.எல்.டி.க்கு (தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம்) போகச் சொல்வார்கள். திவால் மனுவுக்கு 2020 மார்ச் 24 முதல் குறைந்தது ஒரு கோடி ரூபாய் பாக்கி வேண்டும். 34 பேர் ஆறு வாரச் சம்பளம் பத்துப் பதினொரு லட்சம்தான் வரும். சங்கம் எல்லாரையும் சேர்த்துப் போடலாம் என்று ஜே.கே. ஜூட் மில் வழக்கில் 2019-ல் வழி திறந்தது. ஆனால் உங்கள் தொகைக்கு எட்டாது.

வங்கி அவர்களை அங்கே இழுத்தால் கதை மாறும். தடைக்காலம் (மொராட்டோரியம்) வந்ததும் கம்பெனி மேல் உள்ள மனுக்கள் நிற்கும். செக் வழக்கில் இயக்குநர் மேல் உள்ளது நிற்காது (மோகன்ராஜ் வழக்கு, 2021). பொது அறிவிப்பு வந்ததும், தீர்வு அலுவலர் நியமனமான நாளிலிருந்து 14 நாளுக்குள் படிவம் டி-யில் உங்கள் கோரிக்கையை அவரிடம் போடுங்கள். லிக்விடேஷனுக்கு (கம்பெனியைக் கலைத்துச் சொத்தை விற்பது) போனால் தொழிலாளர் பாக்கி 24 மாதம்வரை ஈட்டுக் கடன்காரர்களுக்குச் சமமாக நிற்கும். தம்பிக்குப் போன மெஷினை அலுவலரிடம் சொல்லுங்கள். உறவினருக்குச் சாதகமாகச் செய்த மாற்றத்தை இரண்டு ஆண்டு பின்னோக்கி ரத்து செய்யக் கேட்கலாம். மோசடி நடத்தை என்றால் திவால் சட்டம் பிரிவு 66-ல் இயக்குநரையே சொந்தப் பணம் கட்டச் சொல்லலாம்.

#15 கோடைமழை

பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டு "மூணு தவணையில தர்றேன்"னு எழுதிக் கொடுத்தா வாங்கிக்கலாமா?

#16 மனு_எழுத்தர்

வாங்கலாம், எழுத்தைப் பார்த்து வாங்குங்கள். கம்பெனி லெட்டர்ஹெட்டில், சீல் வைத்து, "இயக்குநர்" என்று போட்ட கையெழுத்து மட்டும் என்றால் பழைய இடத்துக்கே வந்து நிற்பீர்கள். ஒரு வரி கூடுதலாக வேண்டும்: "கம்பெனி செலுத்தத் தவறினால் நான் தனிப்பட்ட முறையில் செலுத்த உத்தரவாதம் தருகிறேன்". அதன் கீழே சீல் இல்லாமல், பதவி இல்லாமல், வீட்டு முகவரியோடு இரண்டாவது கையெழுத்து. தவணைக்கு செக் தந்தால் அவருடைய சொந்தக் கணக்குச் செக்காகக் கேளுங்கள். அது திரும்பினால் செக் வரைந்தவர் அவரேதான், #11-ல் சொன்ன கம்பெனிச் சிக்கல் எதுவும் இல்லை. தேதியிட்டு மூன்று மாதத்துக்குள் வங்கியில் போட வேண்டும்.

தொழிலாளர் அதிகாரி முன்பு நடந்தால் மனு நிலுவையில் இருக்கும்போதே கையெழுத்தாக வேண்டும். "மனுவை வாபஸ் வாங்கு, அப்புறம் தர்றேன்" என்பதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். கடைசித் தவணை வந்த பிறகு முடித்துவைக்கச் சொல்லி எழுதுங்கள்.

ஊதியக் கோடு பிரிவு 54 வழக்குப் போட்டால் அபராதம் வருமே என்று கேட்பார்கள். முதல் தடவை குறைவாகக் கொடுத்ததற்கு 50,000 ரூபாய்வரை அபராதம். அதையும் பாதித் தொகை, அதாவது 25,000 கட்டிச் சமரசமாக முடித்துக்கொள்ளப் பிரிவு 56 இடம் தருகிறது. அது அரசுக்குப் போகிற பணம். ஐந்து ஆண்டுக்குள் மறுபடி செய்தால்தான் மூன்று மாதம்வரை சிறை வரும். அதனால் உங்கள் உழைப்பை 45-ம் பிரிவு மனுவில் வையுங்கள்.

#17 நூல்கண்டு

மனைவியும் இயக்குநர் என்றேனே. அவர் யூனிட் பக்கமே வந்ததில்லை. அவரையும் சேர்க்கலாமா? வக்கீல் கட்டணம் எப்படிச் சமாளிப்பது? பாதிப் பேர் பெண்கள், ஒன்பது பேர் ஒடிசா, பீகார்.

#18 வழக்குமன்ற_வாசல்

பெயருக்கு இயக்குநராக இருப்பவரைச் சேர்த்தால் மனு பலவீனமாகும். இறுதிக் கட்டுப்பாடு அவருக்கு இல்லை என்று நீங்களே சொல்கிறீர்கள். செக்கிலோ, பி.எஃப். பதிவிலோ, வங்கி இயக்கத்திலோ அவர் கையெழுத்து இருந்தால் மட்டும், அந்தக் கையெழுத்தின் அளவுக்குச் சேருங்கள். உரிமத்தில் ஆக்குபையர் அவர் பெயரில் இருந்தால் நிலைமை தலைகீழ். அப்போது அவர்தான் எதிர்மனுதாரர் 2, கணவர் 3.

வக்கீலுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு. நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும். பெண்கள், எஸ்.சி., எஸ்.டி., தொழிற்சாலைத் தொழிலாளர் எல்லாருக்கும் வருமானம் பார்க்காமல் இலவசம். மனு தமிழில் போடலாம். வடமாநிலத் தோழர்கள் ஊர் திரும்புவதற்கு முன் அவர்களுடைய கணக்குத் தாளில் கையெழுத்து, வங்கிப் புத்தக நகல், ஊர் முகவரி மூன்றும் வாங்கிவிடுங்கள். பதிவான சங்கம் இருந்தால் அவர்களுக்கும் சேர்த்து அதுவே மனு போடலாம், ஒவ்வொரு வாய்தாவுக்கும் வர வேண்டியதில்லை.

உத்தரவு கைக்கு வந்ததும் வசூல் சான்றில் இரண்டு பெயரும் இருக்கிறதா என்று அங்கேயே நின்று படியுங்கள். விட்டுப்போயிருந்தால் கலெக்டர் அலுவலகம் போவதற்கு முன் திருத்தச் சொல்லுங்கள். அவருடைய சொத்து வேறு மாவட்டத்தில் இருந்தால், 1890-ம் ஆண்டு வருவாய் வசூல் சட்டப்படி அந்தக் கலெக்டருக்கு அனுப்பக் கேட்டு, சர்வே எண்ணோடு தனிக் கடிதம் கொடுங்கள்.

#19 நூல்கண்டு

மெமோ தேதிகளைப் பார்த்தேன். 12-ல் நான்கு செக்குக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது. அந்த நான்கு பேரோடு நாளைக் காலை சட்டப் பணிகள் அலுவலகம் போகிறோம்.

#20 வழக்குமன்ற_வாசல்

மெமோவின் அசல், செக்கின் அசல், வங்கிப் புத்தகம், ஆதார் எடுத்துப் போங்கள். நோட்டீஸ் ரிஜிஸ்டர் தபாலில், ஒப்புகை அட்டையோடு, கம்பெனி முகவரிக்கு ஒன்று, அவர் வீட்டுக்கு ஒன்று. செக் எண், தொகை, திரும்பிய காரணம் மூன்றும் மெமோவில் உள்ளபடியே இருக்க வேண்டும். கேட்கும் தொகை செக் தொகையை விடக் கூடவோ குறையவோ இருக்கக் கூடாது. ஓவர்டைம் பாக்கியை அந்த நோட்டீஸில் கலக்காதீர்கள், அது 45-ம் பிரிவு மனுவுக்கு.